அப்பாவின் ஈஸிசேர் துணியில் ஓர் ஓவியம்: செய்முறை, செலவு, கெட்டுப்போன கட்டங்கள்

வேலை முடிந்து வார்னிஷும் காய்ந்துவிட்டது. அளவும் செலவும் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் "ஏதாவது வரைஞ்சு பாரு, மனசு லேசாகும்" என்று சொல்வது சுலபம். எதில் வரைவது, எந்த வண்ணத்தில், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், பாதியில் கெட்டுப்போனால் என்ன செய்வது என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

பக்கவாதம் வந்த பிறகு அப்பா பகல் முழுவதும் ஈஸிசேரில்தான் இருப்பார். இடது கை விளங்கவில்லை. வலது கையால் எவர்சில்வர் டம்ளரை நாற்காலியின் கைச்சட்டத்தில் தட்டிக் கூப்பிடுவார். தண்ணீருக்குத் தட்டுவார், ஃபேனைக் குறைக்கத் தட்டுவார். சில சமயம் நான் போய் நிற்பதற்குள் எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்துவிடும், அதற்கும் என்னைத்தான் திட்டுவார். அவர் போன பிறகு வந்தவர்கள் எல்லாரும் "நல்லபடியா பாத்துக்கிட்டே, உனக்குப் புண்ணியம்" என்றார்கள். எனக்குள் துக்கம் மட்டும் இல்லை. கோபம் இருந்தது. இனி அந்தச் சத்தம் கேட்காது என்ற நிம்மதியும் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் வயிற்றைப் பிசைந்தது. இறந்தவர் மேல் கோபப்பட எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கம் சுத்தமாகப் போனபோது நான் மருத்துவரையும் பார்த்தேன். மாத்திரை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், இரண்டுக்கும் போட்டி இல்லை. சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் இறங்காதவர்கள் வண்ணம் வாங்கப் போகும் முன் யாரிடமாவது பேசிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் அரசாங்கத்தின் மனநல உதவி எண், 2022 முதல் இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழித்தபோது ஈஸிசேரை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. சட்டம் தேக்கு, உறுதியாக இருந்தது. துணியை எறிந்துவிட்டு வேறு போடலாம் என்றான் தம்பி. துணியை நான் எடுத்துக்கொண்டேன். பச்சையும் வெள்ளையும் கோடு போட்ட கெட்டிப் பருத்திக் கித்தான். படம் வரைகிறவர்கள் காசு கொடுத்து வாங்குவதும் பருத்திக் கித்தான்தானே என்றுதான் அப்போது தோன்றியது.

துணி

மேலும் கீழும் கம்பு நுழைக்கிற மடிப்போடு 50 அங்குல நீளம், 23½ அங்குல அகலம். மேல் மடிப்பிலிருந்து 10 அங்குலம் கீழே, அப்பா தலை சாய்த்த இடத்தில், ஏழு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் நீள்வட்டமாக எண்ணெய்க் கறை. தேங்காய் எண்ணெய். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பாதி வேலையை இந்தக் கறைதான் தீர்மானித்தது.

கொதிக்கும் நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா போட்டு இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. சோப்புப் போட்டு அலசி, நிழலில் காய வைத்து அளந்தபோது 48க்கு 22½ ஆகச் சுருங்கியிருந்தது. இது நல்லதுதான், சுருங்க வேண்டியதை முன்கூட்டியே சுருக்கிவிடுவது பின்னால் காப்பாற்றும். கறை வெளிறியது, போகவில்லை. அதன் மேல் சாக்குப் பொடியை, அதாவது சாக்பீஸ் தூளைத் தூவி, மேலும் கீழும் பழைய செய்தித்தாள் வைத்துச் சூடாக இஸ்திரி போட்டேன். தாளில் எண்ணெய் ஊறி வந்தது. தாளை மாற்றி மாற்றிப் போட்டதில் கடைசித் தாள் ஏறக்குறைய சுத்தமாக வந்தது. கையால் தடவினால் பிசுபிசுப்பும் இல்லை. அதோடு நிறுத்தினேன்.

அடுத்தது சட்டம். பக்கத்துத் தெரு ஆசாரி ஒன்றரைக்கு ஒரு அங்குல நாட்டு மரத்தில் சட்டம் அடித்துக் கொடுத்தார். துணியை இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்ளர் அடித்தேன். ஓரங்கள் எல்லாம் விறைப்பாக நின்றன, நடுவில் மட்டும் தொந்தி போட்டது. ஈரத்துணியால் துடைத்தால் இறுகும், காலையில் பார்த்தால் மறுபடி தொங்கும். ஸ்டேப்ளரைப் பிடுங்கி இழுத்து அடித்தும் பார்த்தாயிற்று. ஆசாரியிடமே திரும்பிப் போனேன்.

"எம்மா, இது உக்காந்து உக்காந்து தொங்கின துணி. ஓரத்தை விட நடு நீளம். சட்டத்துல நேரா நிக்காது. பலகையில ஒட்டிருங்க" என்றார்.

"பலகை வளையாதா அண்ணாச்சி?"

"ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சா வளையும். பின்பக்கமும் பசைத் தண்ணி அடிச்சிருங்க."

தஞ்சாவூர்ப் படங்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது அவர் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. பலகையில் துணியை ஒட்டி, சுக்கான் பொடியும் பசையும் பூசித் தேய்த்து, அதன் மேல்தான் வரைவார்கள். பலகைப் படம் என்றே அதற்குப் பழைய பெயர். முன்பு பலாப் பலகை, இப்போது பிளைவுட்.

12 எம்.எம். பிளைவுட், 18 அங்குலத்துக்கு 36. துணியின் நடுப்பகுதியில் 22க்கு 40 வெட்டினால் நாலு பக்கமும் இரண்டு அங்குலம் மடிக்கக் கிடைக்கும். ஃபெவிக்கால் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ்ஷால் பலகையில் பூசி, ஈரத் துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போனேன். தொந்தி போட்ட இடத்தில் ஒரு சுருக்கம் அடங்கவே இல்லை. பிளேடால் மூன்று அங்குலம் கீறி, மேலேறி நின்ற துணியை வெட்டி எடுத்து, இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒட்டினேன். அப்பா உட்காரும் இடம் அது. கீறுவதற்கு முன் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கமும் பசைத் தண்ணீர் அடித்து, பிளாஸ்டிக் தாள் போட்டு, மேலே அரிசி மூட்டையை ஏற்றி இரண்டு இரவு வைத்தேன். வளையவில்லை.

பூச்சும் கறையும்

வரைவதற்கு முன் துணியில் பூசும் வெள்ளைப் பூச்சுக்கு ஜெஸ்ஸோ என்று பெயர். கடையில் அதை அரை லிட்டர் வாங்குவதற்குப் பதில் நானே கலந்தேன். ஃபெவிக்கால் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷன் ஒரு பங்கு, சலித்த சாக்குப் பொடி இரண்டு பங்கு. பொடியை முதலில் தண்ணீரில் குழைத்துவிட்டு அப்புறம் மற்றதைச் சேர்த்தால் கட்டி தட்டாது. முதல் பூச்சு குறுக்கே, இரண்டாவது நெடுக்கே, மூன்றாவது மறுபடி குறுக்கே. ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்க்க வேண்டும். பச்சைக் கோடுகள் மூன்றாவது பூச்சில் மறைந்தன.

கறை இருந்த இடத்தில் வெள்ளை கொஞ்சம் பளபளப்பாகத் தெரிந்தது. சந்தேகப்பட்டு செலோடேப்பை அழுத்தி ஒட்டிப் பிடுங்கினேன். பூச்சு தோல் மாதிரி உரிந்து டேப்போடு வந்தது. இரண்டு அங்குலம் தள்ளி ஒட்டிப் பார்த்தால் அங்கே ஒன்றும் வரவில்லை. சரியாகத் தலை அளவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

எண்ணெய் வண்ணத்தில் கலக்கிற ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் எத்தனை வருடம் ஆனாலும் இறுகாது. நூலுக்கு உள்ளே ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். மேலே நீர் கலந்த எதைப் பூசினாலும் நாளாவட்டத்தில் கழன்றுவிடும்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் பூச்சு உரிந்ததற்கான அளவில் இல்லை. போயும் விடமாட்டேன் என்கிறாரே என்று வாய்விட்டே சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஆசாரிதான் மறுபடி வழி சொன்னார். மரத்தில் கண்ணு இருக்கும் இடத்தில் பெயின்ட் அடிப்பதற்கு முன் அரக்குப் பாலிஷ் தொடுவார்கள், உள்ளே இருக்கிற பிசின் மேலே கசியாது. அதையே இங்கே அடித்துப் பார்க்கச் சொல்லி ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான். கறையைச் சுற்றிப் பூச்சைச் சுரண்டி எடுத்து, வெறும் துணியில் இரண்டு கோட் அடித்தேன். அரை மணி நேரத்தில் காய்ந்தது. டேப் வைத்துப் பிடுங்கினால் எதுவும் வரவில்லை. அந்த இடம் மட்டும் தேன் நிறத்தில், நூலும் பச்சைக் கோடும் தெரிய, வெள்ளைப் பலகைக்கு நடுவில் நின்றது. அதன் மேல் வெள்ளை பூசி மறைக்கலாம். மறைக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டேன்.

முதல் படம்

கோபம் இருக்கிறதே, அதையே கொட்டுவோம் என்றுதான் ஆரம்பித்தேன். நீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வண்ணத்தில் கருப்பும் ரெட் ஆக்ஸைடு சிவப்பும் குழைத்து, பெயின்டர்கள் வைத்திருக்கும் அதே இரண்டு அங்குல பிரஷ்ஷால் தோளிலிருந்து வீசி அடித்தேன். அடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. கை ஓய்ந்த பிறகு மோசமாகிவிட்டது. பிரஷ் அலசும்போதெல்லாம் பழைய பேச்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இரவு படுத்தால் டம்ளர் சத்தம். அடுத்தடுத்த நாள் அதே பலகையில் மேலும் மேலும் அடித்ததில் சிவப்பு, கருப்பு எல்லாம் கலந்து சேறாகிவிட்டது. மனதில் இருப்பதைக் கட்டுப்பாடு இல்லாமல் கொட்டினால் தீர்ந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்குத் தீரவில்லை, ஊறித்தான் வந்தது. ஒன்றை மட்டும் கவனித்தேன். இவ்வளவு அடித்தும் அந்தத் தேன் நிற வட்டத்துக்குள் ஒரு தீற்றல்கூட விழவில்லை. நான் யோசித்துத் தவிர்க்கவில்லை. கை தானாகவே சுற்றிக்கொண்டு போயிருந்தது.

பலகையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் வரைந்த 'நோயுற்ற குழந்தை' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவருடைய அக்கா சோஃபி 1877இல் காசநோயில் இறந்தாள். 1885இல் அந்த நினைவை வரைய ஆரம்பித்து, ஒரு வருடம் போல வண்ணத்தை ஏற்றுவதும் சுரண்டுவதுமாகவே இருந்திருக்கிறார். ஆஸ்லோவில் இருக்கும் அந்த முதல் படத்தில் கீறல்கள் இன்றும் தெரியும். அதற்குப் பிறகும் நாற்பது வருட காலத்தில் அதே காட்சியை மறுபடி மறுபடி வரைந்து, மொத்தம் ஆறு ஓவியங்கள் ஆயின. கீறலை மறைக்காமல் விட்டிருக்கிறாரே என்பதுதான் எனக்குப் பிடித்தது. நானும் தேய்த்து எடுக்கலாம் என்று கடைக்குப் போய், நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் வாங்கி வந்தேன்.

காய்ந்த அக்ரிலிக்கை உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சில் ஏறும், தாளும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்து, கட்டையில் சுற்றிய 220 வாட்டர் பேப்பரால் வட்டமாகத் தேய்க்க வேண்டும், மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். மேடெல்லாம் இறங்கி, பள்ளத்தில் மட்டும் சிவப்பு தங்கியது. கன்றிப்போன செங்கல் நிறத்தில் ஒரு தளம் கிடைத்தது. வெள்ளைத் தளத்தை விட இது எவ்வளவோ மேல். மேலே பூசும் சாம்பல் நிறங்களுக்கு அடியிலிருந்து ஒரு சூடு வருகிறது.

இரண்டாவது படம்

இந்தத் தடவை சில விதிகள் வைத்துக்கொண்டேன். நேரம் மாலை நாலு மணி, அப்பா காப்பிக்குத் தட்டும் நேரம். அலாரம் 45 நிமிடத்துக்கு. அடித்ததும் பிரஷ்ஷைக் கழுவிவிட வேண்டும், படம் எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும். வண்ணம் நாலே நாலு: பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம், டைட்டானியம் வெள்ளை, ஹூக்கர்ஸ் பச்சை. கருப்பு கிடையாது. சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் கிட்டத்தட்டக் கருப்பே வரும். வெள்ளை சேர்த்து, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்தால் சூடான சாம்பல், குளிர்ந்த சாம்பல் எல்லாம் வரும். எதை வரைவது என்பதில் சந்தேகமே இல்லை. சட்டம் மட்டும் நின்றிருந்த ஈஸிசேரை.

கறைதான் அமைப்பைச் சொன்னது. அது உண்மையான தலை அளவு. ஆகவே நாற்காலியும் உண்மையான அளவில்தான் வர வேண்டும். உண்மையான அளவு என்றால் 18 அங்குலப் பலகையில் முழு நாற்காலி அடங்காது. இடது பக்கம் வெட்டுப்பட்டு, சாய்வுத் துணியும் வலது கைச்சட்டமும் மட்டும் வந்தன. அவர் கூப்பிட்டு நான் போய் நின்றால் கண்ணில் படுகிற காட்சி அதுதான். இஞ்ச் டேப்பை நாற்காலியில் வைத்து அளந்து, அப்படியே பலகையில் சாக்கால் குறித்தேன்.

மறைந்துபோன பச்சைக் கோடுகளை அதே துணியின் மேல் திரும்ப வரைய வேண்டியிருந்தது. வெட்டி வைத்திருந்த மடிப்புத் துண்டைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். பச்சை முக்கால் அங்குலம், வெள்ளை அரை அங்குலம். கறைக்குள் தெரியும் பழைய கோட்டோடு நான் வரையும் கோடு சேர வேண்டும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருண்டுவிடும், அதனால் ஈரத்தில் ஒத்துப்போன பச்சை மறுநாள் ஒத்துப்போகாது. சின்னத் துண்டு அட்டையில் பூசிக் காய வைத்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகே பலகையில் வைத்தேன். எங்கள் பாளையங்கோட்டை வெயிலில் தட்டில் பிழிந்த வண்ணம் ஐந்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். டிபன் டப்பாவில் ஈரத் துணியைப் பரப்பி, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் குழைத்தால், மூடி வைத்து மறுநாளும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

கைச்சட்டத்துக்கு வந்தபோது வேலை மெதுவானது. டம்ளர் பட்டுப் பட்டு பாலிஷ் போய், அரைவட்டமாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். என்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பள்ளம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வரைவதற்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று தொடுகை வேண்டும்: மேல் விளிம்பில் இருட்டு, உள்ளே நடுத்தரம், கீழ் விளிம்பில் ஒரு மெல்லிய வெளிச்சம். இடத்தை அளந்து குறிக்கும்போதுதான் தெரிந்தது, இருபது அங்குலக் கைச்சட்டத்தில் பள்ளங்கள் அத்தனையும் முனையிலிருந்து மூன்றாவது, நான்காவது அங்குலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. விளங்கின கை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த கைக்கும் எட்டின தூரம் அவ்வளவுதான். தினமும் துடைத்த கட்டை அது, எனக்குத் தெரிந்ததே இல்லை. அன்றைக்கு அலாரம் அடித்ததும் பிரஷ்ஷைக் கழுவிவிட்டு அழுதேன். கோபம் அதோடு போய்விடவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் வேறொன்றும் உட்கார இடம் கிடைத்தது.

வீசி அடித்தபோது நான் என் மனதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அளந்து வரைந்தபோது அவர் பக்கத்துப் பொருளைப் பார்த்தேன். எனக்கு உதவியது இரண்டாவதுதான். எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். முதலாவதை முயன்று பார்த்து மோசமானவர்கள் ஓவியமே ஒத்துவராது என்று விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

முடியும் தறுவாயில் அம்மா வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். "ஏட்டி, டம்ளர் வைக்குத எடத்தை விட்டுட்டியே" என்றாள். கைச்சட்டத்தின் நடுவில் சூடான காப்பி டம்ளர் வைத்து வைத்து வெள்ளை வளையம் விழுந்திருக்கும். அவளே விரல் வைத்துக் காட்டினாள். வெள்ளையில் கொஞ்சம் சியன்னா கலந்து, நிறையத் தண்ணீர் விட்டு, நான் வளையத்தைப் போடும்போது, "அந்தச் சத்தம் கேட்டா எனக்கும் பத்திக்கிட்டுதான் வரும். யார்ட்ட போய்ச் சொல்ல" என்றாள். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், திட்டியும் பேசினோம்.

செலவு

துணி, பழைய பிரஷ், அரக்குப் பாலிஷ் மூன்றும் காசில்லாமல் கிடைத்தன. மரச்சட்டம் கூலியோடு 650 ரூபாய், அது வீண் என்று சொல்ல முடியாது, இப்போது வேறொரு துணியைத் தாங்குகிறது. பிளைவுட் வெட்டுக் கூலியோடு 420. ஃபெவிக்கால், சாக்குப் பொடி, எமல்ஷன், உப்புத்தாள், வாட்டர் பேப்பர் எல்லாம் சேர்த்து 510. நாலு வண்ணமும் முதலில் வீணடித்த இரண்டும் 760. பன்றிமுடி பிரஷ் ஒரு அங்குலம் ஒன்று, ஆறாம் நம்பர் மெல்லிய பிரஷ் ஒன்று, இரண்டும் 240. நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் 210. மொத்தம் 2,790. வார்னிஷ் வாங்கும்போது ஸ்பிரிட் கலந்தது வேண்டாம், அடியில் இருக்கிற அரக்கைக் கரைத்துவிடும்.

அடுத்த முறை துணியைத் துவைத்த அன்றே டேப் சோதனை செய்வேன். ஒரு ஓரத்தில் துளி பூச்சு, கறையில் துளி பூச்சு, காய்ந்ததும் பிடுங்கிப் பார்த்துவிட்டால் மூன்று கோட் பூசி உரிக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து தொங்கிய துணி என்றால் சட்டத்தைப் பற்றி யோசிக்கவே மாட்டேன், நேரே பலகைதான். கீறின இடத்துக்கு அடியில் ஒரு பட்டை மெல்லிய துணி வைத்து ஒட்டியிருக்கலாம். இப்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தக் கோடு தெரிகிறது. கோட்டு வண்ணத்துக்கு ஹூக்கர்ஸ் பச்சை கொஞ்சம் நீலம் கூடிவிட்டது, சியன்னா ஒரு துளி கலந்தால்தான் வெயில் தின்ற பச்சை வரும். விளக்கையும் இடது பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும், வலது பக்கம் இருந்ததால் என் கை நிழல் கைச்சட்டத்தின் மேலேயே விழுந்தது.

அண்ணாச்சியிடம் 18க்கு 24இல் இன்னொரு பலகை சொல்லியிருக்கிறேன். மடிப்புத் துண்டு இரண்டும் மிச்சம் இருக்கின்றன. இந்த முறை டம்ளரை மட்டும் வரைவதாக இருக்கிறேன், எவர்சில்வர் பளபளப்புக்கு இந்த நாலு வண்ணம் போதுமா என்று பார்க்க வேண்டும்.